ஒதிலின் அடுப்பு

அத்தியாயம் பதினொன்று

முற்றத்தின் இந்தப் பக்கம் நின்று இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். அவ்வளவுதான் தூரம். ஆனாலும் ஒதில் ஜானெரோ தன் மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அந்த முற்றத்தைக் கடந்த நாளிலிருந்து எங்கள் கொம்ப்ரோல் கிராமத்தில் வேறு பேச்சே இல்லை.

பாலாடைக்கட்டிக் கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒதில் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முன் வரிசையில் இருந்த அவள் மாமனார் ஒக்தாவ், பின்னால் திரும்பிக்கூடப் பார்க்காமல், "எங்க வீட்டுக்கு ஒரே கைதான், அது என் கை" என்று வாக்குக்குக் கையை உயர்த்திவிட்டார். கூட்டம் சிரித்தது. ஒதில் சிரிக்கவில்லை. அன்று மாலையே மெத்தையோடும் ஒரு பாத்திரத்தோடும் பூனையோடும் முற்றத்துக்கு எதிரே இருக்கும் ரொட்டி வீட்டுக்குக் குடிபோய்விட்டாள்.

ரொட்டி வீடு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் பண்ணைக்கு ரொட்டி சுட்ட இடம். பிறகு ஒக்தாவின் அத்தை ஒருத்தி அதில் வாழ்ந்து முடிந்தாள். ஓர் அறை, ஒரு கணப்படுப்பு, ஒரு ஜன்னல்.

அவள் கணவன் ரெமி இறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அந்த ஒன்றரை வருஷமும் பெரிய வீட்டில் மாமனாரோடுதான் இருந்தாள். அவருக்குச் சமைத்தாள், அவரோடு சேர்ந்து மாடு கறந்தாள், அவர் மௌனத்தையும் கூடவே பொறுத்துக்கொண்டாள். ஒரே ஒரு கையை மட்டும் பொறுக்க முடியவில்லை.

தனியாகப் போனாலும் தொழுவத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. மாடுகள் என்ன பாவம் செய்தன? விடிவதற்கு முன்பே வருவாள். ஒரு கோடியில் அவள், மறு கோடியில் அவர். நேருக்கு நேர் பேச்சில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் நடுவில் நிற்கும் பிவோன் என்ற செவலைப் பசுவிடம் சொன்னார்கள்.

இன்று காலையும் அப்படித்தான் தொடங்கியது.

"பிவோன், கடைசி மாட்டுக்கு மடியில வெடிப்பு இருக்கு. களிம்பு போடணும்னு உன் முதலாளிகிட்ட சொல்லு," என்றாள் ஒதில்.

"போட்டாச்சுன்னு சொல்லு, பிவோன்," என்றார் ஒக்தாவ்.

"எப்போ போட்டாராம்?"

"நேத்து சாயங்காலமே. கண்ணு தெரியலைன்னா கண்ணாடி மாட்டச் சொல்லு."

பிவோன் நல்ல மாடு. இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் சொல்லாமல் அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"பிவோன்," என்றாள் ஒதில் மறுபடி. குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "இன்னைக்கு விறகு நாள் இல்லையா? நான் புது அடுப்பு கேக்கப் போறேன். அதையும் சொல்லிடு."

ஒக்தாவின் கை நின்றுவிட்டது. பால் வாளியைக் கீழே வைத்தார். பசுவை மறந்துவிட்டு நேராக அவளைப் பார்த்தார்.

"யாரு அடுப்பு?"

"என் அடுப்பு."

எங்கள் ஊர்க் காடு ஊருக்குச் சொந்தம். வருஷா வருஷம் குளிருக்கு முன்னால் வெட்ட வேண்டிய மரங்களுக்குக் குறி போட்டு, பங்கு பிரித்து, சீட்டுக் குலுக்கி எடுப்போம். பங்கு வீட்டுக்கு அல்ல, ஆளுக்கும் அல்ல. அடுப்புக்கு. ஓர் அடுப்புக்கு ஒரு பங்கு. ஒரே கூரையின் கீழ் அண்ணன் தம்பி இரண்டு அடுப்பு வைத்திருந்தால் இரண்டு பங்கு. பத்துப் பேர் ஓர் அடுப்பில் உண்டால் ஒரு பங்குதான். யாருக்குப் பங்கு உண்டோ அவர்தான் ஊரில் ஓர் ஆள். மற்றவர்கள் யார் வீட்டிலோ இருப்பவர்கள்.

புதிதாக அடுப்பு கேட்பவர்களின் வீட்டுக்கு அடுப்புச் சாட்சிகள் மூன்று பேர் போக வேண்டும். புகைபோக்கியில் புகை எழுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அந்த நெருப்பில் சமைத்ததை உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மூன்று பேரும் "அடுப்பு" என்று சொன்னால்தான் அடுப்பு. கேஸ் அடுப்பெல்லாம் இதில் சேராது. மின்சாரக் கணப்பைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள்.

அந்த மூன்று பேரில் ஒக்தாவும் ஒருவர். அதுதான் சங்கடமே.

"உனக்கு எதுக்குத் தனி அடுப்பு?" என்றார். "என் கொட்டகையில விறகு இல்லையா? வேணும்கிறதை எடுத்துக்கோயேன். யாரு கேக்கப் போறா?"

"இருக்கு மாமா. உங்க விறகு."

"என் விறகு, உன் விறகுன்னு என்னைக்குப் பிரிச்சோம்?"

"நீங்க கையைத் தூக்கினீங்களே, அன்னைக்கு."

அவர் வாளியைக் காலால் ஓரம் தள்ளினார். பிறகு, "சாட்சி சொல்லலைன்னா?" என்று கேட்டார்.

"பெசான்சோன் டவுன்ல என் தங்கச்சி கடைக்கு ஆள் தேடறா. நாளைக்குக் கிளம்பிடுவேன்," என்றாள் ஒதில். மிரட்டலாகச் சொல்லவில்லை. நேற்றே தீர்மானித்து, இரவு நன்றாகத் தூங்கி எழுந்தவள் சொல்வது போலச் சொன்னாள். அதனால்தான் அவர் அதை நம்பினார்.

அவள் போனால் மாடுகளும் போகும். எழுபது தாண்டிய மனிதர் தனியாக இத்தனை மாடு கறக்க முடியாது. அது அவருக்குத் தெரியும். ஆனால் அடுப்பு என்று சாட்சி சொன்னால், ஜானெரோ வீடு இரண்டாகிவிட்டது என்று தன் வாயாலேயே ஊருக்கு அறிவித்ததாகும். மகனைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாதவன் மருமகளையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவன் என்று பேசுவார்கள். பேசுகிற வாய்கள் எவை என்று பெயரோடு எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

* * *

ஒக்தாவ் வீட்டுக்குள் வந்தபோது மகள் ரெஜின் சமையலறையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். லியோனிலிருந்து இருட்டோடு காரை எடுத்துக் கிளம்பியிருக்கிறாள். யார் தகவல் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. கொம்ப்ரோலில் தகவலுக்குக் கால் உண்டு.

"உக்காருங்கப்பா. முகம் வெளுத்துப் போயிருக்கு. அவ சொல்லிட்டாளா?"

"சொல்லிட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"நல்லதாப் போச்சு. சொல்லாதீங்க." காப்பிக் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தாள். "அடுப்புன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா அந்த வீடு அவளோடது. தெரியுமில்ல?"

"அப்படி ஒரு சட்டமும் இல்ல."

"சட்டம் வேற, ஊரு வேற. உங்க அத்தை அந்த வீட்ல வெறும் விருந்தாளியாத்தான் வந்தா. அடுப்புன்னு சொன்னீங்க, சாகற வரைக்கும் யாராலயும் அசைக்க முடியல. இவளுக்கு நாப்பது வயசுகூட ஆகல."

ரெஜின் கெட்டவள் அல்ல. இதை நான் அடித்துச் சொல்வேன். தம்பி இறந்தபோது ஒரு மாதம் சம்பளமில்லாமல் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து இந்த வீட்டைத் தூக்கி நிறுத்தியவள் அவள்தான். அப்பாவைத் தன்னோடு கூட்டிப் போய் வைத்துக்கொள்ள வேண்டும், மாடுகளை நல்ல கையாகப் பார்த்துக் கொடுத்துவிட வேண்டும், இவ்வளவுதான் அவள் ஆசை. அதற்கு நடுவில் ஒதில் நிற்பதாக அவளுக்குத் தோன்றியது. எந்த மகளுக்கும் தோன்றக்கூடியதுதான்.

"அவ போகட்டும்ப்பா. அவளுக்கும் வயசிருக்கு, வாழ்க்கை இருக்கு. உங்க ரெண்டு பேரையும் இந்த மாடுங்க கட்டிப் போட்டிருக்கு. வேற என்ன?"

ஒக்தாவ் காப்பியைக் குடிக்காமல் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே ரொட்டி வீட்டின் கதவு திடீரென்று திறந்தது. சாம்பல் நிறத்தில் குபுகுபுவென்று புகை வந்தது. அதன் பின்னாலேயே கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு ஒதில் வந்தாள். பூனை அவளுக்கு முன்னாலேயே ஓடிவிட்டது.

ஒக்தாவ் கூரையைப் பார்த்தார். புகைபோக்கியிலிருந்து ஒரு நூல் புகைகூட எழவில்லை.

அவருக்குச் சட்டென்று உறைத்தது. கல்.

அத்தை போய் வீடு காலியானபோது அவர்தான் ஏணி போட்டு ஏறிப் புகைபோக்கியின் வாயில் ஒரு கற்பலகையை வைத்து மூடினார். காலி வீடு என்றால் எங்கள் ஊரில் எல்லாரும் செய்வது அதுதான். இல்லாவிட்டால் சிறுகாகங்கள் உள்ளே கூடு கட்டிச் சுள்ளியாலேயே அடைத்துவிடும். மறுபடி ஆள் குடிவரும்போது கல்லை வைத்தவனே ஏறி எடுக்க வேண்டும். இங்கே பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனாலேயே இங்கே வாழ வந்தவர்களுக்கு யாரும் சொல்வதும் இல்லை.

ஒதில் நகரத்துப் பெண். இத்தனை நாளும் மாமனாரின் விறகைத் தொடமாட்டேன் என்ற பிடிவாதத்தில் மின்சாரக் கணப்பை வைத்துக்கொண்டே காலம் தள்ளியிருக்கிறாள். இன்றுதான், வேலியோரம் பொறுக்கிச் சேர்த்த காய்ந்த ஆப்பிள் கிளைகளை வைத்து முதல் நெருப்பு மூட்டியிருக்கிறாள்.

ரெஜினும் ஜன்னலருகே வந்து நின்றாள். அவள் இங்கே பிறந்தவள். பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"மேல கல்லு இருக்காப்பா?"

"இருக்கு."

"நீங்க வச்சதா?"

"பின்ன யாரு வைப்பா?"

ரெஜின் ஜன்னல் கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தாள். பிறகு மெதுவாக, "அப்போ நீங்க வாயே திறக்க வேண்டியதில்ல," என்றாள். "புகை எழலைன்னா அடுப்பு இல்ல. மத்த ரெண்டு பேரே சொல்லிடுவாங்க. நீங்க பொய்யும் சொல்ல வேண்டாம், அவளை வேண்டாம்னும் சொல்ல வேண்டாம். சும்மா நின்னாப் போதும்."

சும்மா நிற்பது எவ்வளவு சுலபம்! பெரிய பாவங்கள் பாதி அப்படித்தான் நடக்கின்றன. ஒக்தாவ் ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

* * *

மற்ற இரண்டு சாட்சிகளும் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். பெர்த்துயே பேச்சிலும் சாப்பாட்டிலும் பிரியர், சாட்சிக்குப் போகிற நாளில் வீட்டில் காலைச் சாப்பாட்டைத் தொடமாட்டார். பெலிசியேன் நேர் எதிர். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை விழுந்தால் ஊரே குனிந்து பொறுக்கிக்கொள்ளும்.

"என்ன ஒதில், எங்களுக்கு விருந்தா, இல்ல எங்களையே வாட்டப் போறியா?" என்றார் பெர்த்துயே, கதவிலிருந்து வரும் புகையைக் கையால் விலக்கிக்கொண்டே.

ஒதிலின் நெற்றியிலும் மூக்கிலும் கரி. "சூப் கொதிக்குது. வாங்க, உள்ள வாங்க."

"உள்ள எங்க வர்றது? கண்ணே தெரியலயே. புகை மேல போகணும்மா, கதவு வழியா வரக்கூடாது."

"போகும். இப்போ போயிடும். ரொம்ப நாள் கழிச்சு மூட்டறதால அப்படி இருக்கு."

உள்ளே ஓடினாள். விசிறும் சத்தம் கேட்டது. இருமல் கேட்டது. பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. மூன்று கிழவர்களும் கூரையைப் பார்த்தபடி நின்றார்கள். பாசி படிந்த கல்லுக்கும் புகைபோக்கிக்கும் கீழிருந்து பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. தெரிந்த ஒருவர் பேசவில்லை. பெரிய வீட்டு வாசலில் ரெஜின் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஒதில் மறுபடி வெளியே வந்தாள். கண் இரண்டும் சிவந்து நீர் வழிந்தது. புகையால்தான். புகையால் மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது.

"எனக்கு வருத்தமா இருக்கும்மா," என்றார் பெர்த்துயே. நிஜமாகவே வருத்தப்பட்டார், சூப்பையும் சேர்த்து. "ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கே. மேல புகை இல்ல. அடுத்த வருஷம் பாத்துக்கலாம். என்ன சொல்றே, பெலிசியேன்?"

பெலிசியேன் தலையை மட்டும் ஆட்டினார்.

ஒதில் மாமனாரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"சரி," என்றாள்.

இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்தாள். அதை நாலாக மடித்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

அந்தச் "சரி" ஒக்தாவின் காதில் ஆணி மாதிரி இறங்கியது. எட்டு வருஷமாக அவளைத் தெரியும். அவள் எதற்கும் ஒரே பேச்சில் சரி சொன்னதில்லை. கன்றுக்குப் பெயர் வைப்பதிலிருந்து கல்லறைக்குப் பூ வாங்குவது வரைக்கும் அவரோடு மல்லுக்கு நின்றவள். இப்போது மல்லுக்கு நிற்கவில்லை. இனி நிற்கவும் மாட்டாள்.

அவர் திரும்பி வைக்கோல் கொட்டகைக்குள் போனார். ஏணியை இழுத்துக்கொண்டு வந்தார்.

"அப்பா!" என்றாள் ரெஜின். "அப்பா, வேண்டாம். ஓடெல்லாம் ஈரமா இருக்கு."

"ஏணியைப் பிடி, பெலிசியேன்," என்றார் ஒக்தாவ்.

எழுபது தாண்டி ஏணி ஏறுகிறவரைப் பார்த்துக்கொண்டு கீழே நிற்பது ஏறுவதைவிடக் கஷ்டம்.  அவர் கூரை விளிம்பைத் தாண்டி, ஓட்டில் மண்டியிட்டு நகர்ந்து, புகைபோக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எழுந்தார். கல்லை இரண்டு கையாலும் நெம்பினார். அது புரண்டு சரிந்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த முட்செடிப் புதரில் போய் விழுந்தது.

புகை அவர் முகத்திலேயே அடித்து மேலே எழுந்தது. இத்தனை நேரம் அடைபட்டுக் கிடந்த புகை, கருப்பாக, கனமாக.

"புகை!" என்று கத்தினார் பெர்த்துயே. "பாத்தேன்! நீ பாத்தியா, பெலிசியேன்?"

"பாத்தேன்," என்றார் பெலிசியேன்.

ஒக்தாவ் இறங்கி வந்தார். முகமெல்லாம் கரி. மாமனாரும் மருமகளும் ஒரே மாதிரி இருந்தார்கள். ஒதில் நன்றி சொல்வாள் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு ஒதிலைத் தெரியாது.

"அது இத்தனை நாளா மேல இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"மறந்துட்டேன். இன்னைக்குத்தான் ஞாபகம் வந்துச்சு."

"இன்னைக்கு எப்போ? ஏணி எடுக்கப் போனீங்களே, அப்பவா?"

அவர் கையிலிருந்த கரியைக் கால்சட்டையில் துடைத்தார். "இல்ல. அதுக்கு முன்னாடி."

"எவ்வளவு முன்னாடி?"

"நீ கதவைத் திறந்துட்டு இருமிக்கிட்டே வந்தியே, அப்போ."

ஒதில் அவரையே பார்த்தாள். பொய் சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபித்துக்கொண்டு போய்விடலாம். உண்மையைச் சொல்லும் மனிதரை என்ன செய்வது?

"ஏம்மா," என்றார் பெர்த்துயே, "சண்டையை அப்புறமும் போடலாம். சூப் அப்புறம் இருக்காது."

உள்ளே ஒரே மேசை, இரண்டே நாற்காலி. பெர்த்துயே ஒன்றில் உட்கார்ந்தார், பெலிசியேன் மற்றொன்றில். ஒக்தாவ் கவிழ்த்து வைத்த வாளியில் உட்கார்ந்தார். உருளைக்கிழங்கும் வெங்காயத்தாளும் போட்ட சூப், புகையில் வாட்டிய பன்றித் தொத்திறைச்சி நாலு துண்டு, நேற்றைய ரொட்டி. எல்லாவற்றிலும் புகை வாசனைதான்.

"அடுப்பு," என்றார் பெலிசியேன், கரண்டியைக் கீழே வைத்து.

"அடுப்புதான். ஆனா உப்பு பத்தல," என்றார் பெர்த்துயே. "இதோ பாரு ஒதில், மரம் வெட்ட நீ என் பசங்ககூட வந்துடு. ரெண்டு பேரும் சும்மாத்தான் இருக்கானுங்க. உன் பங்கு ஒரே நாள்ல முடிஞ்சுடும்."

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள் ஒதில். கண் மாமனார் மேல் இருந்தது.

ஒக்தாவ் கிண்ணத்தை ரொட்டியால் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார். இனித் துடைக்க ஒன்றும் இல்லை என்று ஆனபிறகும் துடைத்தார்.

"அடுப்பு," என்றார் கடைசியில். மிகவும் மெல்லிய குரல். ஆனால் மூன்று பேருக்கும் கேட்டது. வாசலில் வந்து நின்ற ரெஜினுக்கும் கேட்டது.

"நல்லதுப்பா," என்றாள் ரெஜின். கத்தவில்லை. "நீங்க உங்க வார்த்தையைச் சொல்லிட்டீங்க. நான் சொத்துப் பத்திரம் பாக்கற நோட்டரியைப் பாத்துட்டு வர்றேன். இந்த ரொட்டி வீட்ல எனக்கும் பங்கு உண்டா இல்லையான்னு அவர் சொல்லட்டும்."

கார் கிளம்பும் சத்தம் கேட்டது. ஒதில் கிண்ணங்களை அடுக்கினாள். 

* * *

பிற்பகலில் மேயர் அலுவலகக் கூடம் நிரம்பி வழிந்தது. விறகு நாளுக்கு வராதவர்கள் எங்கள் ஊரில் கல்லறையில் மட்டும்தான் இருப்பார்கள்.

மேயரம்மா எவ்லின் மேசைக்குப் பின்னால் நின்றார். கையில் சீட்டுகள் போட்ட பழைய தபால்காரர் தொப்பி. ஒவ்வோர் அடுப்பாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வந்தவர்கள் கையைவிட்டுச் சீட்டு எடுத்தார்கள். நல்ல பங்கு கிடைத்தவர்கள் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார்கள், மோசமான பங்கு கிடைத்தவர்கள் சிரித்துச் சமாளித்தார்கள்.

சீட்டை எடுக்கவிடுவதற்கு முன்னால் எல்லாரிடமும் மேயரம்மா ஒரு கேள்வி கேட்டார். "உங்ககூட வெட்டறது யாரு?"

துணைக்கு வருபவர் பெயரைச் சொல்லாதவருக்குப் பங்கு இல்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் வந்த விதி இது. அது வந்தது ரெமியால். அப்பாவும் மகனுமாகப் போவதாகத்தான் அன்று பேச்சு. கன்று ஒன்று சீக்காக இருந்ததால் ஒக்தாவ், "நீ போ, பின்னாலேயே வர்றேன்," என்றார். "நீங்க வர்றதுக்குள்ள ஒண்ணைச் சாய்ச்சுடறேன்," என்று சிரித்துவிட்டுப் போனான் ரெமி. அவர் போய்ச் சேர்ந்தபோது மரமும் சாய்ந்திருந்தது, ரெமியும் கிடந்தான். அதில் யார் மேல் தப்பு? யார் மேலும் இல்லை. அதனால்தான் வீட்டில் இருந்த இரண்டு பேரும் தங்கள் மேல்தான் என்று ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஜானெரோ அடுப்பு!" என்று கூப்பிட்டார் மேயரம்மா.

ஒக்தாவ் எழுந்து மேசைக்குப் போனார். முகத்தைக் கழுவியும் காதோரம் கரி போகவில்லை.

"உங்ககூட வெட்டறது யாரு?"

"ஒதில்," என்றார் ஒக்தாவ். போன வருஷமும் அதையேதான் சொன்னார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

கூடத்தில் ஒரு சலசலப்பு.

"அவ இப்போ உங்க அடுப்பு இல்லையே, ஒக்தாவ்," என்றார் மேயரம்மா. "காலையில நீங்கதான் சாட்சி சொல்லியிருக்கீங்க. அவ தனி அடுப்பு. அவ பேரை நீங்க சொல்ல முடியாது."

ஒக்தாவ் விழித்தார். இது அவருக்குத் தோன்றவே இல்லை. அவளுக்கு ஓர் அடுப்பு கொடுத்தபோது தன் அடுப்பில் ஒற்றை ஆளாகிவிட்டோம் என்பது இப்போதுதான் புரிந்தது. மகள் லியோனில். மகன் மண்ணில். மூன்று தலைமுறையாகப் பங்கு எடுக்கும் ஜானெரோ அடுப்புக்கு மரம் வெட்டத் துணை இல்லை.

"ஒதில் எங்ககூட வர்றா," என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார் பெர்த்துயே. "நான் பேசிட்டேன்."

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடறீங்களா?" என்றார் மேயரம்மா. "அவ இங்கதானே உக்காந்திருக்கா. அவளுக்கு வாய் இல்லையா?"

சிரிப்பு எழுந்து அடங்கியது. ஒக்தாவ் மெல்லத் திரும்பினார். நடு வரிசையில், கரி போகத் தேய்த்த சிவந்த முகத்தோடு, ஒதில் உட்கார்ந்திருந்தாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தேவாலயத்தில்கூட அரைமனதோடு கழற்றுகிறவர்.

"ஒதில்."

"சொல்லுங்க மாமா."

"எனக்குத் துணை யாரும் இல்ல."  செருமிக்கொண்டார். இத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது தெரிந்தும் தொடர்ந்தார். "நீ பெர்த்துயே பசங்ககூடப் போனா வேலை சுலபமா முடியும். நான் கிழவன், மெதுவாத்தான் வெட்டுவேன். அதெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் கேக்கறேன். என்கூட காட்டுக்கு வர்றியா?"

 அந்தக் காட்டுக்குள் ஒதில் ஒன்றரை வருஷமாகக் கால் வைக்கவில்லை. போன வருஷம் அவர் அவள் பெயரைச் சொன்னாரே தவிர, வெட்டியது கூலியாட்கள். அவள் போகவில்லை, அவரும் போகவில்லை. இப்போது கேட்பது நிஜமாகக் கேட்பது. அது அவளுக்கும் தெரிந்தது, கூடத்துக்கும் தெரிந்தது. பெர்த்துயேகூட வாயைத் திறக்கவில்லை.

அவள் எழுந்தாள். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"வர்றேன்," என்றாள். "ஆனா நான் என் அடுப்பை அணைச்சு, என் கதவைப் பூட்டிட்டு வர்ற வரைக்கும் நீங்க முற்றத்துல நிக்கணும். நீ பின்னாலேயே வான்னு சொல்லிட்டு முன்னாடி போகக் கூடாது. நானும் போக மாட்டேன். ஒருத்தர் வர்ற வரைக்கும் இன்னொருத்தர் நிக்கணும்."

ஒக்தாவ் தொப்பியைக் கையில் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

"நிக்கறேம்மா," என்றார். "எவ்வளவு நேரம் ஆனாலும் நிக்கறேன்."